கரடி போட்ட பனியன்

எக்ஸ்ரே பிலிமைப் பிளேடால் வெட்டியிருக்கிறீர்களா? என் வயதுக்காரர்களில் சிலராவது தலையாட்டுவீர்கள். சூரிய கிரகணம் பார்க்க வெட்டியிருப்பீர்கள். சைக்கிள் சக்கரத்துக் கம்பியில் செருகி டர்ரென்று சத்தம் வரவைக்க வெட்டியிருப்பீர்கள். நாங்கள் பனியனில் படம் போடுவதற்காக வெட்டினோம்.

போன மாதம் என் மகனுக்கு ஒரு பார்சல் வந்தது. அலுவலக நண்பர்களோடு எங்கோ மலையேறப் போகிறானாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி டி-சர்ட். போனிலேயே படத்தைத் தேர்ந்தெடுத்து, போனிலேயே அனுப்பி, அச்சடித்து வாசலுக்கே வந்துவிட்டது. நான் அதைப் பிரித்து முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை.

"என்னம்மா, சட்டையப் போயி மோந்து பாக்கற?" என்று சிரித்தான்.

அவனுக்குச் சொல்ல வரவில்லை. உங்களுக்குச் சொன்னால் புரியும் என்று நினைக்கிறேன்.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. அம்மா கொல்லிமலையில் அரசாங்க சுகாதார நிலையத்தில் நர்ஸ். நாங்கள் ஈரோட்டுப் பக்கத்துக்காரர்கள். மாற்றல் உத்தரவு வந்ததும் அம்மா ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பாய், அக்கா, நான் என்று எங்கள் இருவரோடு பஸ் ஏறிவிட்டாள். அப்பாவுக்குக் கீழே வேலை. சனிக்கிழமை சாயங்காலப் பஸ்ஸில், வளைவுகளில் தலை சுற்றிய முகத்தோடு வந்து இறங்குவார். மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு 'நாடு'. வாழவந்தி நாட்டில் எங்கள் குவார்ட்டர்ஸ். இரண்டு அறை ஓட்டுக் கட்டடம், பின்னால் மிளகுக்கொடி ஏறிய மரங்கள். ஐப்பசி பிறந்தால் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து அடுப்படிவரை நடமாடும். தீப்பெட்டி நமத்துப்போகும். உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும்.

அக்கா அந்த வருடம் பத்தாவதில் கணக்கில் தேறவில்லை. கீழே இருந்தால் சொந்தக்காரர்கள் ஆளாளுக்குக் கேட்பார்கள் என்றுதான் அம்மா அவளையும் மலைக்குக் கூட்டி வந்திருந்தாள். ஆனால் வீட்டுக்குள்ளேயே கேட்கிற ஆள் இருந்ததே. குழம்பில் உப்புக் கூடினாலும், பால் பொங்கினாலும், அம்மா வாயில் அந்தப் பத்தாவது வந்துவிடும். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு சனிக்கிழமை அப்பா ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டு வந்து அவள் மடியில் வைத்தார். துணிக்கு அடிக்கிற பெயிண்ட். மை பாட்டிலைவிடச் சின்னச் சின்னப் புட்டிகள். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு, வெள்ளை.

"சும்மாவே உக்காந்திருந்தா மனசு கெட்டுப்போயிரும் கண்ணு. எதையாச்சும் வரையி" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வெறுந்துணி என்று ஒன்று மிச்சமில்லை. தலையணை உறையெல்லாம் ரோஜா. கைக்குட்டை முனையில் கிளி. அப்பாவின் வெள்ளைத் துண்டில்கூட ஓரமாக ஒரு கொடி ஓடியது. அந்தப் பெயிண்டின் வாசனை உங்களுக்கு நினைவிருக்கிறதா? புளித்த மோரும் புது ரப்பரும் கலந்த மாதிரி ஒரு நெடி. மலைக்குளிரில் அது வெளியே போகாது. சோற்றில்கூட வரும்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு பெஞ்சுத்தோழி இருந்தாள். திண்ணனூர் நாட்டுப் பக்கம், ரோட்டிலிருந்து இறங்கி ஒற்றையடிப் பாதையில் போகவேண்டிய ஒரு சின்ன ஊர் அவளுடையது. அவள் அப்பா சாமை, கேழ்வரகு, குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி போடுகிற விவசாயி. அவள் பையில் எப்போதும் அவித்த கிழங்கு இருக்கும். அதை எனக்குக் கொடுத்துவிட்டு என் இட்லியை வாங்கிக்கொள்வாள். அவள் நடந்து நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஓடிவருவாள், தண்ணீர் குடிக்க ஓடுவாள், திட்டு வாங்க வாத்தியார் கூப்பிட்டாலும் ஓடித்தான் போவாள்.

அவளுடைய அப்பாவை எல்லாருக்கும் தெரியும். அவள் பிறப்பதற்கு முன்பே கரடியிடம் அடிபட்ட மனிதர் அவர். இடது கண் இல்லை. நெற்றியிலிருந்து தாடைவரை முகம் இழுத்துத் தைத்தது போலிருக்கும். சந்தைக்கு வந்தால் தலையில் போட்ட துண்டை அந்தப் பக்கமாக இழுத்துவிட்டுக்கொண்டு, வலது பக்கத்தை மட்டும் காட்டிப் பேசுவார். பள்ளிக்கூடத்தில் அவள் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. 'கரடிக்குட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டு உறுமியும் காட்டுவார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். எனக்குத்தான் அழுகை வரும்.

அந்த ஐப்பசியில் டிரில் மாஸ்டர் ஒரு சேதியோடு வந்தார். கீழே நாமக்கல்லில் பள்ளிகளுக்கு நடுவே விளையாட்டுப் போட்டி. எங்கள் பள்ளியிலிருந்து நாலைந்து பெண்கள் ஓடப் போகிறார்கள். என் பெஞ்சுத்தோழிக்கு மைதானத்தை இரண்டு சுற்று சுற்றிவருகிற பந்தயம். எனக்கு ஓடினால் மூச்சு வாங்கும். அதனால் எலுமிச்சம்பழம் அறுத்துக் கொடுக்கிற வேலை.

"ஆளாளுக்கு ஒரு கலர்ல பாவாடை தாவணின்னு வந்து நின்னீங்கன்னா கோட்டுப்பக்கமே விட மாட்டாங்க. எல்லாரும் வெள்ளைப் பனியன். முன்னால பள்ளிக்கூடப் பேரு இருக்கோணும்" என்றார்.

டி-சர்ட் என்ற வார்த்தை அப்போது எங்கள் மலை ஏறி வந்திருக்கவில்லை. கை வைத்ததோ வைக்காததோ, எல்லாம் பனியன்தான். சந்தையில் கை வைத்த வெள்ளைப் பனியன் கிடைத்தது. அதில் யார் பெயர் எழுதுவது? நான் கையைத் தூக்கி, "எங்கக்கா எழுதும் சார்" என்றேன்.

அக்காவின் முகத்தில் அன்றைக்குத்தான் பல மாதம் கழித்து ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு பனியனிலும் கையால் எழுதினால் எழுத்து ஒரே மாதிரி வராது, வெட்டுப் படம் செய்து அதன் மேல் பெயிண்டை ஒற்ற வேண்டும் என்றாள். காகிதத்தில் வெட்டினால் ஈரத்தில் ஊறிவிடும். என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் அலமாரியில் பழைய எக்ஸ்ரே பிலிம்கள் கண்ணில் பட்டன. சேலத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்வந்தவர்கள் அம்மாவிடம் காட்டிவிட்டு அப்படியே விட்டுப்போனவை. வெந்நீரில் சலவை சோடா போட்டு ஊறவைத்துத் தேய்த்தோம். யாருடைய விலா எலும்போ கரைந்து கறுப்புத் தண்ணீராக ஓடியது. மிஞ்சியது நீலம் பாய்ந்த கண்ணாடி போன்ற தகடு.

அதில் 'கொல்லிமலை' என்று எழுதி அக்கா பிளேடால் வெட்டினாள். தூக்கிப் பார்த்தால் எழுத்தே இல்லை. 'கொ'வின் சுழி விழுந்துவிட்டது. 'லை'யின் இரண்டு சுழியும் விழுந்துவிட்டன. நம் எழுத்தில்தான் எத்தனை சுழி, எத்தனை வயிறு! சுற்றி வெட்டினால் நடுவில் இருப்பது நிற்க இடமில்லாமல் கழன்றுவிடும். அக்கா பிலிமைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒவ்வொரு சுழிக்கும் ஒரு மெல்லிய பட்டையை வெட்டாமல் விட்டாள். ஓடைக்குக் குறுக்கே போட்ட மரம் மாதிரி. சுழி கழலாமல் நின்றது. கணக்கில் தேறாதவள் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்.

காலண்டர் அட்டையைப் பனியனுக்குள் செருகி, பிலிமை மேலே வைத்து, பழைய மெத்தையின் ஸ்பாஞ்சைக் குச்சியில் கட்டி, பச்சைப் பெயிண்டைத் தொட்டுத் தொட்டு ஒற்றினோம். முதல் பனியனில் தண்ணீர் அதிகமாகி எழுத்தெல்லாம் ஊறிக் கலங்கிப்போனது. அடுத்ததில் சரியாக வந்தது. பிலிமை ஒரு முனையில் பிடித்து மெதுவாகத் தூக்கும்போது அடியிலிருந்து பச்சை எழுத்து முழுசாக வெளிவரும். அந்த நொடிக்காகவே நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம். காயவைப்பதுதான் பெரும்பாடு. மேகம் விலகவே இல்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டித் தொங்கவிட்டோம். பிறகு கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் உள்பக்கமாகத் தேய்த்தோம். பனியனெல்லாம் புகைவாசனை.

முன்னால் பள்ளிப் பெயர் முடிந்ததும், முதுகில் ஆளுக்கொரு படம் வேண்டும் என்று ஓடுகிற பெண்கள் கேட்டார்கள். ஒருத்திக்கு நட்சத்திரம், ஒருத்திக்குப் பட்டாம்பூச்சி. என் பெஞ்சுத்தோழி எல்லாரும் போகும்வரை காத்திருந்தாள்.

"அக்கா, எனக்கு முதுவுல கரடி போடுங்க."

அக்கா ஸ்பாஞ்சைக் கீழே வைத்தாள். "கரடியா? எதுக்கு அம்மிணி?"

"எல்லாருந்தான் கரடிக்குட்டி கரடிக்குட்டிங்கறாங்களே. முன்னால ஓடறவ முதுவைப் பின்னால வாரவங்கதான பாக்கோணும்? நல்லாப் பாக்கட்டும்."

அக்கா பிளேடை எடுத்தாள். ஏன், எதற்கு என்று மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெயிலான பெண் என்று பல மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு அது கேட்காமலே புரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

நாங்கள் யாரும் கரடியைப் பார்த்ததில்லை. என் பழைய பாடப்புத்தகத்தில் ஒரு வெளிநாட்டுக் கரடி குண்டாக உட்கார்ந்திருந்தது. அதைப் பெரிதாக வரைந்து வெட்டி, கறுப்பை ஒற்றினாள் அக்கா. பெஞ்சுத்தோழி அதைத் தொட்டுப் பார்க்கவும் பயந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள். காய்ந்ததும் நாளை பள்ளிக்கூடத்தில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள்.

சாயங்காலம் அம்மா டியூட்டி முடிந்து வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே அடுப்புக்கு மேலே தொங்கிய பனியனைப் பார்த்துவிட்டாள்.

"இது யாரோடது?"

நான் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அம்மா முகம் மாறிவிட்டது.

"உனக்குக் கொஞ்சமாச்சும் புத்தி இருக்குதாடி?" என்று அக்காவிடம் திரும்பினாள். "அந்த மனுசன் மூஞ்சியப் பாத்திருக்கியா இல்லியா? அவரு புள்ள முதுவுல போயி கரடி போடுவியா?"

"அவதாம்மா கேட்டா."

"சின்னப்புள்ள என்னமோ கேக்கும். உனக்கு எங்க போச்சு அறிவு? இந்தச் சனங்க நம்மள நம்பி ஊட்டுக்குள்ள விடறதே இப்பத்தான். ஊசி போடப் போனா கதவச் சாத்துவாங்க. கீழ இருந்து வந்தவங்க நம்மள எகத்தாளம் பண்றாங்கன்னு நெனைக்க மாட்டாங்களா? பத்தாவதுலயே தேறாதவளுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போகுது!"

அம்மா அழிக்கச் சொல்ல, அக்கா கறுப்புப் பெயிண்டை எடுத்து, கரடி இருந்த இடத்தில் அதன் காது தெரியாமல், கால் தெரியாமல் பூசினாள். முதுகு முழுக்க ஒரு கறுப்புக் கட்டம். அவள் கண்ணிலிருந்து சொட்டியது அந்தக் கறுப்பில் விழுந்து தெரியாமல் போனது.

மறுநாள் நான்தான் அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். பெஞ்சுத்தோழி ஆசையாக வாங்கி, திருப்பினாள். முதுகைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பனியனை மடித்துப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள். முதல் தடவையாக அவள் நடந்து போனதைப் பார்த்தேன். அடுத்த நாளும் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை.

டிரில் மாஸ்டர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். பனியனில் கரடி போட்டது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. "அந்தப் புள்ள மனசு ஒடஞ்சு போச்சுங்க நர்சம்மா. அவ ஒருத்திதான் செயிக்கற ஆளு. இப்ப ஓட மாட்டேன்னு உக்காந்திருக்குது" என்றார். அம்மா அக்காவைப் பார்த்த பார்வை இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. கோபத்தைவிடப் பயம்தான் அதில் அதிகம். அந்தப் பயத்தை அன்று என்னால் படிக்க முடியவில்லை. அன்றைய அம்மாவின் வயதை நான் தாண்டி வெகுநாளாகிவிட்டது. புருஷனைக் கீழே விட்டுவிட்டு, இரண்டு பெண்களோடு, யாரையும் தெரியாத மலையில், மக்கள் கதவைத் திறந்தால்தான் வேலை என்ற நிலையில் இருந்த ஒருத்தி அவள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா கீழே போகப் பஸ் ஏறியதும், அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்கக் கிளம்பினாள். பனியனையும் எடுத்துக்கொண்டாள். வழியெல்லாம் தூறல். பாதையில் அட்டைப்பூச்சி, நின்று நின்று காலைப் பார்த்துக்கொண்டே இறங்கினோம்.

பெஞ்சுத்தோழியின் அப்பா வீட்டு முன்னால் குச்சிக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கை தானாகத் துண்டைத் தேடி இடது பக்கம் இழுத்துவிட்டது.

"வாங்க நர்சம்மா. ஊட்டுக்கே வந்துட்டீங்க, உள்ள வாங்க. மழைல நிக்காதீங்க."

அம்மா உள்ளே போகவில்லை. நின்றபடியே பேசினாள். "ஏனுங்கண்ணா, எம் பொண்ணு ஒரு தப்புப் பண்ணிப்போட்டா. வேணும்னு பண்ணலீங்க. நான் கண்ட ஒடனே அதை அழிக்கச் சொல்லிட்டனுங்க. நீங்க மனசுல வெச்சுக்கக் கூடாது. பாப்பா பள்ளிக்கூடத்துக்கு வரோணும்."

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"கரடிய அழிச்சது நீங்களாங்க?"

"ஆமாங்க."

"இந்தப் புள்ள மூணு நாளாச் சோறு திங்காம உக்காந்திருக்குது. கேட்டா, நெனச்சதக் கூடப் போட விட மாட்டேங்கறாங்கங்குது. ஆரு அழிச்சாங்கன்னு சொல்ல மாட்டேங்குது." அவர் வீட்டுக்குள் பார்த்தார். இருட்டில், சுவரோரம், முழங்காலைக் கட்டிக்கொண்டு என் பெஞ்சுத்தோழி உட்கார்ந்திருந்தாள். "எங்கிட்டக் கேட்டுட்டுத்தானுங்க அங்க வந்துச்சு. அப்பா, கரடி போட்டுக்கட்டுமான்னு கேட்டுச்சு. போட்டுக்கோ சாமின்னேன்."

அம்மா அக்காவின் பக்கம் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை என்பதுதான் சரி.

"எப்படித்தான் போட்டிருந்தீங்க? நானும் பாக்கோணுமல்ல" என்றார் அவர்.

அக்கா தாவணி மடிப்புக்குள்ளிருந்து அந்த எக்ஸ்ரே பிலிமை எடுத்தாள். அதைக் கொண்டு வந்திருக்கிறாள் என்று எனக்கே தெரியாது. அவர் வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே ஒற்றைக் கண்ணுக்கு முன்னால் பிடித்தார். திருப்பிப் பிடித்தார். பிறகு ரொம்பச் சங்கடத்தோடு சொன்னார்:

"அம்மிணி, தப்பா நெனைக்காத. இது பன்னியாட்டமில்ல இருக்குது!"

உள்ளே இருட்டிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. மூன்று நாள் அடைத்துவைத்திருந்த சிரிப்பு அது. அக்காவும் சிரித்துவிட்டாள். அம்மா மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியாது.

பிறகுதான் நாங்கள் உள்ளே போய் உட்கார்ந்தோம். அவர் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். "நாஞ் சொல்றேன், நீ போடு" என்றார். சாணம் மெழுகிய தரையில் அக்கா வரைந்தாள். மூக்கு நீளமா, வெளுத்து இருக்கும். மயிரு சடைசடையாத் தொங்கும். நகம் நெம்ப நீளம், வெள்ளையா வளஞ்சிருக்கும். சொல்லிக்கொண்டே வந்தவர், எப்போது துண்டைத் தலையிலிருந்து எடுத்து மடியில் வைத்தார் என்று நான் கவனிக்கவில்லை. கவனித்தபோது அந்த முகம் முழுசாக எங்கள் எதிரே இருந்தது. அடுப்பு வெளிச்சம் அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. கொஞ்சநேரத்தில் எனக்கு அது அவருடைய முகமாக மட்டும் தெரிந்தது.

"முதுவு மேல ஒண்ணு இருக்கோணும் அம்மிணி" என்றார்.

"என்னதுங்க?"

"குட்டி. அன்னைக்கு அது முதுவு மேல குட்டி இருந்துச்சு. பலாமரத்தடில நான் குனிஞ்சு பழத்த எடுக்கறேன், எதுத்தாப்புல வந்துருச்சு. அதுக்கு ஒதுங்க எடமில்ல, எனக்கும் எடமில்ல. குட்டி மயிரக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு என்னையவே பாத்துக்கிட்டிருந்துச்சு. என்னைய அடிச்சுப்போட்டு, அப்பறமும் அதை எறக்கி விடாம, தூக்கிக்கிட்டேதான் ஓடுச்சு." மகளைப் பார்த்தார். "நம்மூட்டுல இவ பொறந்த பொறகு, அது பண்ணதுல தப்பில்லைன்னு எனக்குத் தோணிருச்சுங்க நர்சம்மா."

அக்காவின் விரல் கரித்துண்டோடு தரையில் நின்றுபோயிருந்தது.

வேறு பனியன் தேட நேரமில்லை. தேவையும் இருக்கவில்லை. அன்று ராத்திரி எங்கள் வீட்டில் அந்தக் கறுப்புக் கட்டத்தையே அக்கா கரடியாக்கினாள். விளிம்பில் தூரிகையால் சடைசடையாக மயிரை இழுத்தாள். கட்டத்தின் ஒரு ஓரத்தில் மூக்கை நீட்டினாள். கீழே கால்களை இறக்கி, வெள்ளையால் நகம் வைத்தாள். முதுகின் மேல் ஒரு சின்னக் கறுப்பு உருண்டை, அதற்கு இரண்டு கண். குட்டி. வெட்டிய பிலிம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் அக்காவின் கறுப்பு விரல்களைத் தன் கையில் எடுத்து, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பத்தாவது என்ற பேச்சு எழவே இல்லை.

போட்டி நாளன்று நாமக்கல் மைதானத்தில் வெயில் கொளுத்தியது. மலையிலிருந்து இறங்கிய எங்களுக்கு அது அடுப்பு. அம்மாவும் அக்காவும் வந்திருந்தார்கள். பெஞ்சுத்தோழியின் அப்பாவும் வந்திருந்தார். கீழே வந்து வருடக்கணக்காகிறது என்றார். துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு மைதானத்து ஓரத்து வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றார். விசில் ஊதியதும் என் பெஞ்சுத்தோழி வெறுங்காலோடு கிளம்பினாள். முதல் சுற்று முழுக்க அவள்தான் முன்னால். கரடி தன் குட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், தினமும் அவளைக் கேலி செய்தவர்கள்தான், எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினார்கள்.

"கரடிக்குட்டி! கரடிக்குட்டி! ஓடு, கரடிக்குட்டி!"

நான் பயந்துபோய் அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் கத்திக்கொண்டிருந்தார்.

கடைசி வளைவில் கேன்வாஸ் ஷூ போட்ட ஒரு பெண் அவளைத் தாண்டிவிட்டாள். இரண்டாவதுதான் வந்தாள். எல்லைக்கோட்டில் விழுந்து, எழுந்து, முழங்காலில் ரத்தத்தோடு என்னிடம் வந்து எலுமிச்சம்பழத்தை வாங்கிக்கொண்டு, "அந்தப் புள்ள பின்னால வந்தப்ப நல்லாப் பாத்திருப்பா" என்றாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அந்தப் பனியனை அவள் கிழியும்வரை போட்டாள். பிறகு என்ன ஆயிற்றோ. அடுத்த வருடம் அம்மாவுக்கு மாற்றல் வந்து நாங்கள் கீழே இறங்கிவிட்டோம். அக்கா கணக்கை மறுபடி எழுதித் தேறினாள். தையல் படித்து, ஒரு கடை வைத்து, நான்கு பெண்களுக்கு வேலை கொடுத்தாள். பெஞ்சுத்தோழி ஆலத்தூர் நாட்டில் கல்யாணமாகி, இப்போது மிளகு வியாபாரம் செய்கிறாள். எப்போதாவது போன் பேசுவோம். அம்மா இன்று இல்லை, அவள் அப்பாவும் இல்லை.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது பந்தயத்தை அல்ல. அன்று சாயங்காலம் திரும்பி வந்த பஸ்ஸில் நடந்ததைத்தான்.

நல்ல கூட்டம். எனக்கும் பெஞ்சுத்தோழிக்கும் உட்கார இடம் கிடைத்தது. அவள் அப்பா எங்கள் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றார். முன்சீட்டில் அம்மாவும் அக்காவும். எங்களுக்கு எதிர்ப்பக்கம், கீழே இருந்து வேலைக்கு வந்த யாரோ ஒரு வாத்தியாரம்மா, மடியில் நாலு வயதுப் பெண் குழந்தை. வளைவு ஏறத் தொடங்கியதும் காற்று அடித்துப் பெஞ்சுத்தோழி அப்பாவின் துண்டு தோளில் விழுந்தது. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பை. எடுத்துப் போட முடியவில்லை.

குழந்தை பார்த்தது. பஸ்ஸெல்லாம் கேட்கும்படி, "மாமா, மூஞ்சில என்னாச்சு?" என்றது.

வாத்தியாரம்மா அதன் வாயைப் பொத்தினாள். "ச்சூ! அப்படிக் கேக்கக்கூடாது." எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். எங்கள் அம்மாவும் அந்தக் குழந்தையை அதட்டத் திரும்பியவள், என்ன நினைத்தாளோ, அப்படியே முன்னால் திரும்பி உட்கார்ந்துவிட்டாள்.

"கேக்கட்டும் உடுங்க" என்றார் அவர். பையை என் மடியில் வைத்துவிட்டு, பெஞ்சுத்தோழியின் தோளைப் பிடித்து மெதுவாக முதுகு தெரியும்படி திருப்பினார். "இங்க பாரு சாமி. இவங்கதான் பண்ணாங்க."

குழந்தை அம்மாவின் கையை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தது. "கரடி!"

"ஆமா, கரடி. மேல இருக்குது பாரு, அது ஆரு?"

"பாப்பா."

"அது பாப்பாவேதான்."

அவர் சொல்லத் தொடங்கினார். பலாமரம், விடிகாலை, குனிந்த முதுகு எல்லாவற்றையும். ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி, பஸ் நேராகும்போது விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பின்சீட்டில் இருந்தவர்கள் எழுந்து முன்னால் வந்தார்கள். டிரைவர்கூட ஒரு கட்டத்தில் ஹார்ன் அடிக்காமல் கேட்டுக்கொண்டு போனார். என் பெஞ்சுத்தோழி திரும்பாமல், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

கதை முடிந்தபோது வெளியே குளிர ஆரம்பித்திருந்தது. குழந்தை கேட்டது:

"அந்தக் கரடிப்பாப்பா இப்ப எங்க இருக்கும்?"

அவர் குனிந்து, ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

"இங்கதான் இருக்கும் சாமி. இன்னேரம் பெருசாயிருக்கும். அதும் முதுவுலயும் ஒரு குட்டி இருக்கும்."